மூன்றாம் ஓலை

விழுப்புரம்
10.1.2025

பெறுநர்:
உபதேசியார் திரு. மாசிலாமணி அவர்கள்,
ஒலக்கூர் வழி, திண்டிவனம் வட்டம்.

பொருள்: கல்யாண ஓலை வாசிக்கக் கோருதல்.

ஐயா,

நம் சபைப் பதிவேட்டில் எண்பத்து நான்காம் பெயராக உள்ள அன்புச்செல்வி ஆகிய எனக்கும், விழுப்புரம் சபையைச் சேர்ந்த அலெக்ஸ் அவர்களுக்கும் பிப்ரவரி 26, புதன்கிழமை நம் ஊர்க் கோயிலில் கல்யாணம் நடத்த ஆயர் தேதி கொடுத்திருக்கிறார். சபை ஒழுங்குப்படி பிப்ரவரி 2, 9, 16 ஆகிய மூன்று ஞாயிறும் எங்கள் பெயர்களை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சபையாரைக் கேட்க வேண்டுகிறேன். மூன்று ஓலையும் வாசிக்காமல் ஆயர் நடத்திவைக்க மாட்டார். மார்ச் ஐந்தில் லெந்து உபவாச காலம் தொடங்கிவிடும், அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரிந்ததே.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அன்புச்செல்வி

பின்குறிப்பு:

மேலே இருப்பது உபதேசியாருக்கு. இது என் அண்ணனுக்கு.

கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில், சபையார் எல்லோரும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்றீர்கள். சரி. அதனால்தான் போன் செய்யவில்லை. எழுத்து கண்ணில் படக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை, அண்ணா. தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கே இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நாற்பத்தாறு வயதில் இரண்டாம் கல்யாணமா என்பது உங்கள் கோபம் இல்லை, எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போன இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் "உனக்கு ஒரு துணை வேணும்மா" என்று என்னைவிட அதிகம் சொன்னவர் நீங்கள். ஆள்தான் உங்களுக்கு ஆகவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் கோயில் மதிலை அளந்த சர்வேயர் அவர். அவர் அளந்து கொடுத்ததால்தான் மதில் இடிந்தது. உண்மைதான். அதற்காக நான் என்ன செய்ய?

ஏப்ரல் முதல் தேதி அவர் தருமபுரியில் வேலையில் சேர வேண்டும். நானும் இந்த விடுதி வார்டன் வேலையை விட்டுவிட்டு அவரோடு போகிறேன். தூரம் போகிறேன், அண்ணா. போகுமுன் என் பெயரை உங்கள் வாயால் நீங்கள் வாசிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குச் சோறு ஊட்டிப் படிக்க வைத்த ஆள் வாசிக்காமல் வேறு யார் வாசித்தாலும் எனக்கு அது கல்யாணமாகத் தோன்றாது.

செல்வி


ஒலக்கூர் வழி
16.1.2025

சபை அங்கத்தினர் அன்புச்செல்விக்கு,

தங்கள் மனு போகியன்று கிடைத்தது. ஓலை வாசிக்க இயலாது.

காரணம் கேட்பாய். சொல்கிறேன். அந்த மதில் எப்படி எழும்பியது என்று நீ மறந்திருந்தாலும் கர்த்தர் மறக்கவில்லை. பதினோரு வருஷம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆணும் பெண்ணும் ஆளுக்கு இரண்டு கல் சுமந்து வந்து போட்டார்கள். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி ஓய்ந்த கையோடு வந்து போட்டார்கள். நீயும் சுமந்தாய். ஊர்ச் சனம் நம்மை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கும், இந்த மதிலுக்குள்ளே நாம் யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை என்று நான் சொல்லிச் சொல்லிக் கட்டியது. அதை ஒருவன் ஒரு மத்தியானம் வந்து அளந்தான். ஓடைப் புறம்போக்கில் பதினோரு அடி இருக்கிறது என்று எழுதினான். மறுமாசம் மெஷின் வந்தது.

அன்றைக்கு அவனுக்கு நான் என் கையால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான். நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை இழுத்தான், எழுதினான், வண்டியை எடுத்தான். அத்தனை அகந்தை.

பூமியின் ராஜாக்கள் கூடிப் பேசும்போது மேலே உட்கார்ந்திருக்கிறவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தாவீது பாடியிருக்கிறான். நான் அதை நம்புகிறவன். அவருடைய ஆலயத்தில் கை வைத்தவன் வீட்டுக்கு என் வீட்டுப் பெண் போவதை நான் வாசித்து அறிவிக்க மாட்டேன்.

உன் அண்ணி பொங்கலன்று தப்பாக ஓர் இலை அதிகமாகப் போட்டுவிட்டாள். எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை அது அப்படியே இருந்தது.

மாசிலாமணி,
உபதேசியார்


விழுப்புரம்
22.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிச் சமையல்கட்டில் நின்றுகொண்டே படித்தேன். கடைசி நாலு வரி இல்லாவிட்டால் அடுப்பில் போட்டிருப்பேன். பிரபாவதி அண்ணியிடம் சொல்லுங்கள், அந்த இலையில் நான் சாப்பிட்டதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது என் கோபத்தைக் கேளுங்கள். பரலோகத்தில் இருக்கிறவர் சிரிக்கிறார் என்கிறீர்களே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஒரு நாளாவது விசாரித்தீர்களா? டிசம்பர் ஒன்றாம் தேதி, புயல் மழையில் ஏரி நிரம்பி வழிந்ததே, அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போனது? மதில் இருந்த இடத்து வழியாகத்தானே? அந்தப் பதினோரு அடி அடைபட்டிருந்தால் நம் தெருவில் நாற்பது வீடும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. நம் சபைப் பெரியவர் விருத்தாசலம் போனில் சொன்னார். ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம், உங்களைத் தவிர.

அந்தச் சர்வேயரை எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவேயில்லை. போன வருஷம் எங்கள் விடுதி இடத்தை அளக்க வந்தார். என் ஊர் எது என்று கேட்டார். சொன்னதும் டேப்பைச் சுருட்டிவிட்டார். "மாசிலாமணி உபதேசியார் நல்லா இருக்காரா? அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருக்கேன், போவத்தான் தைரியம் வரல" என்றார். மதில் விஷயமா என்று கேட்டேன். இல்லையாம். அளந்தது சரியாகத்தான் அளந்தாராம். "தண்ணி குடுத்தாரும்மா. வாங்காம வந்துட்டேன்" என்றார்.

அகந்தைக்காரன் ஏழு வருஷம் ஒரு சொம்புத் தண்ணீரை மனசில் வைத்துக்கொண்டு திரிவானா, அண்ணா?

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஞாயிறு ஊருக்கு வராமல் இங்கே விழுப்புரத்தில்தான் ஆராதனைக்குப் போகிறேன். கோயில் பெரியது. ஆர்கன் இருக்கிறது, பாடகர் குழு இருக்கிறது. எல்லாம் சரியான சுருதியில் போகிறது. எனக்கு அழுகை வருகிறது. நீங்கள் கீர்த்தனையை எப்போதும் உச்சத்தில் எடுப்பீர்கள். அப்படியே விட்டால் மூன்றாவது அடியில் ஆண்கள் பக்கம் வாய் மூடிவிடும். இரண்டாவது அடியிலேயே நான் பெண்கள் பக்கத்திலிருந்து சத்தமாகப் பிடித்து இறக்கிவிடுவேன். நீங்கள் முறைப்பீர்கள், அப்புறம் என்னோடு இறங்கி வருவீர்கள். முப்பது வருஷமாக அப்படித்தானே பாடினோம்? இப்போது யார் இறக்குகிறார்கள்?

ஓலை வாசியுங்கள், அண்ணா.

செல்வி


ஒலக்கூர் வழி
3.2.2025

செல்விக்கு,

யாரும் இறக்குவதில்லை. இரண்டு சரணத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

நேற்று முதல் ஓலை வாசிக்கப்பட்டது. நான் வாசிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் எழுதக் கூடாது. மாசத்தின் முதல் ஞாயிறு என்பதால் திண்டிவனத்திலிருந்து ஆயர் வந்திருந்தார். அவரே வாசித்துவிட்டுப் போவார் என்று நிம்மதியாக இருந்தேன். அறிவிப்பு நேரத்தில் சீட்டை என் கையில் கொடுத்து, "உன் தங்கச்சி பேரு, நீயே வாசிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். சபை முழுவதும் பார்க்கிறது. நான் என்ன செய்ய?

மைக்கின் பொத்தானை மெதுவாக அணைத்தேன். முதல் வரிசைக்குக்கூடக் கேட்காதபடி வாய்க்குள்ளேயே வாசிக்கத் தொடங்கினேன். மைக் செட் கோபி அதைப் பார்த்துவிட்டு ஏதோ பழுது என்று ஓடி வந்தான். ஒயரை ஆட்டி, பொத்தானைத் தட்டி, சத்தத்தையும் கூட்டிவிட்டான். "அன்புச்செல்விக்கும் அலெக்ஸ் என்பவருக்கும்" என்பது கோபுரத்து ஸ்பீக்கரில் போய், ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவன் வரைக்கும் கேட்டது. ஆராதனை முடிந்ததும் கோபி வந்து, "ஒயரு லூசா இருந்துச்சிண்ணா, ஜல்தியா சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

தடை உண்டா என்று கேட்டேன். ஒருவரும் எழும்பவில்லை. வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

நன்றாகக் கேட்டுக்கொள். ஞாயிறு ஆராதனைக்கு ஆயர் இனி அடுத்த மாசம்தான் வருவார். வருகிற ஞாயிறு ஆராதனையும் என் கையில், பிரசங்கமும் என் கையில். இரண்டாம் ஓலையை வாசித்துவிட்டு நானே கீழே இறங்கி, சபையாரோடு நின்று, தடை இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். உபதேசியாரே தடை சொன்னால் ஆயர் விசாரிக்காமல் நடத்த முடியாது. விசாரணை லெந்து வரைக்கும் போகும். அதற்கு முன் நீயாகவே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். உன்னைச் சபையில் வைத்து அவமானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

மதிலுக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. வேறொன்று இருக்கிறது. அதை எழுத வராது.

மாசிலாமணி


விழுப்புரம்
6.2.2025

அண்ணா,

மனுவைத் திரும்பப் பெற மாட்டேன்.

என்னென்ன தடை சொல்லலாம் என்று எனக்கும் தெரியும். ஏற்கெனவே மனைவி உயிரோடு இருந்தால் சொல்லலாம். நெருங்கிய ரத்த உறவாக இருந்தால் சொல்லலாம். சம்மதம் இல்லாமல் கட்டி வைத்தால் சொல்லலாம். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. என்ன சொல்லப் போகிறீர்கள்?

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். "சொல்லட்டும், என்னன்னு நானும் கேட்டுக்கறேன்" என்றார். அவர் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு மணி நேரம்தானே? வர மாட்டேன். என் குரல் விழக் கூடாது என்றவர் வா என்று சொல்லும் வரைக்கும் வர மாட்டேன். எனக்கும் உங்கள் ரத்தம்தானே ஓடுகிறது.

எழுத வராதது என்ன, அண்ணா? சபையில் சொல்வதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். உடம்புக்கு ஏதாவதா? எனக்குத் தூக்கம் இல்லை.

செல்வி


ஒலக்கூர் வழி
10.2.2025

செல்வி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை நான்கு தாளில் எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதுகிறேன்.

நேற்றைய பிரசங்கத்துக்கு வேதத்தில் பிலேயாமின் பகுதியை ஒரு வாரமாகவே தேடி வைத்திருந்தேன். எகிப்திலிருந்து வருகிற இஸ்ரவேலரைக் கண்டு பயந்து, அவர்களைச் சபிப்பதற்கென்று மோவாபின் ராஜா இந்தப் பிலேயாமைக் கூலி பேசி வரவழைத்தானே, அந்தக் கதை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு தேவ ஜனத்துக்கு விரோதமாக வந்தவன் என்று அலெக்ஸை அதில் வைத்துப் பேசுவது என் திட்டம். பேர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்திருக்கும். பேசி முடித்து, ஓலையை வாசித்து, கீழே இறங்கித் தடை சொல்ல வேண்டியது.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ராஜா அவனை ஒரு மேட்டுக்குக் கூட்டிப் போகிறான். ஏழு பலிபீடம் கட்டி, பலி கொடுத்து, சபி என்கிறான். வாயைத் திறந்தால் ஆசீர்வாதம் வருகிறது. இடம் சரியில்லை என்று இன்னொரு மேட்டுக்குப் போகிறார்கள். மறுபடி ஏழு. மறுபடி ஆசீர்வாதம். மூன்றாவது மேட்டிலும் அதேதான். ராஜா கையைத் தட்டிக் கோபப்படுகிறான். இதைச் சொல்லிக்கொண்டே வரும்போது எனக்குள் ஒன்று கேட்டது. அலெக்ஸ் யாரைச் சபித்தான்? டேப்பைப் பிடித்து அளந்தான், இருந்ததை எழுதினான். இந்தக் கதையில் வாயை வைத்துக்கொண்டு மேடு மேடாக ஏறினவன் யார், மாசிலாமணி? அப்புறம் எனக்குப் பேச வரவில்லை. தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஓலையை மட்டும் வாசித்துவிட்டு ஜெபத்தை விருத்தாசலத்திடம் விட்டுவிட்டேன். கீழே இறங்கவும் இல்லை, தடை சொல்லவும் இல்லை.

எழுத வராதது இதுதான்.

மதில் இடிந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம் இருந்தேன். உனக்குத் தெரியும். சபைக்காக என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அலெக்ஸ் என்று பேர் சொல்லி, சத்துருக்களுக்கு விரோதமான சங்கீதத்தை வாசித்து, அவன் வீடு பாழாகட்டும் என்று கேட்டேன். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி அல்ல. நாற்பது வெள்ளி.

நாற்பதாவது வாரம், திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்தச் சர்வேயர் சம்சாரம் இறந்துபோச்சாமே என்று. என் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பதினைந்து கிலோமீட்டர். அத்தோடு உபவாசத்தை நிறுத்தினேன். ஏன் என்று அண்ணி கேட்டாள். வயிற்று வலி என்றேன். ஏழு வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை.

அவனுக்குக் கேட்டேன், அவளுக்கு விழுந்தது. ஒரு தப்பும் செய்யாத பெண்.

இப்போது சொல், செல்வி. எந்த வீடு பாழாகட்டும் என்று என் வாய் கேட்டதோ, அந்த வீட்டுக்கு உன்னை எப்படி அனுப்புவேன்? என் சாபம் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பயம். அன்று கிறிஸ்துமஸில் நீ அவன் பேரைச் சொன்னதும் நான் கத்தியது கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபம் இல்லை, இந்தப் பயம்தான். நீ எங்கே வேண்டுமானாலும் போ, யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள், அந்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணன்


விழுப்புரம்
13.2.2025

என் அண்ணாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். விடுதிப் பிள்ளைகள் பயந்துபோய் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு மறுபடி படித்தேன், அப்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு ராஜா மூன்று மேட்டில் இருபத்தொரு பலிபீடம் கட்டி, பேர் பெற்ற ஆளை வரவழைத்துச் சபிக்கச் சொன்னான். நடக்கவில்லை. கர்த்தர் சபிக்காதவரை நான் எப்படிச் சபிப்பேன் என்று அந்த ஆளே கையை விரித்துவிட்டான். நீங்கள் ஒலக்கூர்ப் பக்கத்து உபதேசியார். மைக்கை அணைத்தாலே கோபி வந்து போட்டுவிடுகிறான். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் ஒரு பெண்ணின் உயிரை எடுத்துக் கொடுத்துவிட அவர் என்ன உங்களிடம் வேலை பார்க்கிறாரா? எவ்வளவு பெரிய ஆள் என்று உங்களை நீங்களே நினைத்துக்கொண்டீர்கள், அண்ணா! அகந்தை அகந்தை என்று யாரைச் சொன்னீர்கள்?

அந்தக் கதையில் பிலேயாம் ஏறி வந்த கழுதைக்குத்தான் முதலில் விஷயம் தெரிந்தது. வழியை அடைத்து நின்ற தேவதூதனை அதுதான் பார்த்தது, வாய் திறந்தும் பேசியது. சின்ன வயதில் என்னை எத்தனை தடவை கழுதை என்று திட்டியிருக்கிறீர்கள். இப்போது கழுதை சொல்கிறது, கேளுங்கள்.

எனக்கு ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு எனக்கு எதுவும் ஆகலாம், யாருக்கும் ஆகலாம். ஆனால் அது உங்கள் வாயால் ஆகாது.

இன்னொன்று. உங்களைக் கேட்காமல் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன். தப்புதான். அவருக்குத் தெரியாமல் இதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் குடித்தனம் நடத்த முடியாது.

படித்துவிட்டு பீரோவிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து வந்து தேதியைக் காட்டினார். 2016. மதிலை அளப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அவர் மனைவிக்கு நோய் கண்டுபிடித்தாகிவிட்டது. நீங்கள் முதல் வெள்ளி முழங்கால் போடும்போது அந்தம்மா படுக்கையில் இருந்தார்கள். அது மட்டும் இல்லை. மதிலை அளக்க வந்தாரே, அன்று புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாராம். இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார்கள். யார் முகத்தையாவது பார்த்தால் அழுதுவிடுவோம் என்று யாரையும் பார்க்கவில்லை. நீங்கள் சொம்பை நீட்டியபோது கை நடுங்கியதாம். வாங்கினால் கொட்டிவிடும் என்று வேண்டாம் என்றாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"நாப்பது வெள்ளிக்கிழமையும் என் பேர ஆண்டவர்கிட்ட சொன்னாரா?"

ஆமாம் என்றேன்.

"அந்த வருஷம் நான் ஜெபம் பண்றத வுட்டுட்டேன், செல்வி. கோயிலுக்கும் போவல. என் பேர எனக்காகச் சொல்ல ஒருத்தரும் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவர் ஒருத்தராவது சொல்லிக்கினு இருந்திருக்காரே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் ஓலை உங்கள் கையில் இருக்கிறது. இனி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். உங்களைப் பார்த்து ஐம்பது நாள் ஆகிறது. விடுதியில் சாயங்கால ஜெபத்தில் பாட்டை நானே ஆரம்பிக்கிறேன். என்னையறியாமல் உச்சத்தில் எடுத்துவிடுகிறேன், பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். இறக்க மனசு வரவில்லை.

செல்வி


ஒலக்கூர் வழி
17.2.2025

பிரியமுள்ள செல்விக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருஷம் வயிற்று வலி என்று நான் சொன்னதை நம்பி அவள் எனக்கு எத்தனை கேப்பைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள் தெரியுமா? முதலில் அதற்குத்தான் திட்டு வாங்கினேன்.

நேற்று மூன்றாம் ஓலை. மைக்கை நானே சரிபார்த்துப் போட்டேன். உன் பேரை நிறுத்தி வாசித்தேன். அவர் பேரை அதைவிட நிறுத்தி வாசித்தேன். அந்தப் பேர் என் வாய்க்கு நன்றாகப் பழகினதுதானே. மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் கேட்கிறேன், யாருக்காவது தடை உண்டா என்றேன்.

பெரியவர் விருத்தாசலம் கையைத் தூக்கினார்.

"தடை இல்ல உபதேசியாரே. ஒரு கேள்வி. மூணு ஓலை வாசிச்சாச்சி, பொண்ணு ஏன் ஒரு ஓலைக்கும் வரல?"

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. ஸ்பீக்கர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சாக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. வேலை என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் வராதன்னு சொன்னேன். அது என் தப்பு" என்றேன். ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்புறம் முடிவுக் கீர்த்தனையை எடுத்தேன். வழக்கம்போல உச்சத்தில்தான். இரண்டாவது அடியில் என்னையறியாமல் பெண்கள் பக்கம் திரும்பினேன். மூன்றாவது வரிசையில் உன் இடத்தில் அண்ணி தன் பையை வைத்திருந்தாள். யாரையும் உட்கார விடுவதில்லையாம், கிறிஸ்துமஸிலிருந்து. மூன்றாவது அடியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன். கீழே இறங்க எனக்குத் தெரியாது, செல்வி. முப்பது வருஷமாக நீதான் இறக்கியிருக்கிறாய் என்பது நேற்றுத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அந்தச் சீட்டின் தேதியைப் படித்த பிறகும், நாற்பது வெள்ளியும் நான் கேட்டது கேட்டதுதான். அதற்கு நான் அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது. கடிதத்தில் சொன்னால் போதாது. வருகிற வெள்ளியிலிருந்து மறுபடி உபவாசம் இருக்கப் போகிறேன். பேர் அதேதான், கேட்கிறது வேறு. தருமபுரிக்கு நீங்கள் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாது என்று அவரிடம் சொல்.

ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள். அவரை டேப்பைக் கொண்டு வரச் சொல். கல்யாணப் பந்தலுக்குக் கால் நட வேண்டும். எங்கே நட்டால் ஓடையில் போகாது என்று அவரே அளந்து சொல்லட்டும். பக்கத்தில் நான் தண்ணீர்ச் சொம்போடு நிற்பேன். கை நடுங்கினாலும் பரவாயில்லை, கொட்டினாலும் பரவாயில்லை, இந்தத் தடவை வாங்கிக் குடிக்க வேண்டும்.

26ஆம் தேதி நீ கோயிலுக்குள் வரும்போது பாட்டை நான்தான் எடுப்பேன். வேறு யாருக்கும் விட மாட்டேன். எனக்கு உச்சத்தில்தான் எடுக்க வரும். மணப்பெண் பாடக் கூடாது என்று சபை ஒழுங்கில் எங்கேயும் இல்லை, பார்த்துவிட்டேன்.

நீ வந்து இறக்கு.

அண்ணன்